மூன்றரை டன்னுக்குக் கீழே வெயில் அடிக்காதா?

கடந்த சித்திரையில் என் மனைவியின் தம்பி ஓட்டிய புது பிக்கப்பில் சென்னைக்குப் போனேன். வண்டி வாங்கி ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவன் இன்னும் கிழிக்கவில்லை. பின்னால் வைக்கோல் திணித்த பெட்டிகளில் ஊறுகாய் ஜாடிகளும் ஃபியூஸ் கேரியர்களும். உளுந்தூர்பேட்டை தாண்டி நான்குவழிச் சாலையில் ஓடும்வரை ஒன்றும் தெரியவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் நின்ற பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏசி பொத்தானில் விளக்கு எரிகிறது. காற்றும் வேகமாகத்தான் வருகிறது. ஆனால் அடுப்பங்கரை ஜன்னலில் நின்றால் முகத்தில் படுமே, அந்தக் காற்று.

“ஏசி போட்டுத்தான் இருக்கு மாமா” என்றான் மச்சான், ஏதோ அவன் செய்த தப்புபோல. தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினான். வெளியே இருந்த அனல் உள்ளே வந்தது. அதுவே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதுதான் வேடிக்கை.

வெயிலைப் பற்றிப் புகார் சொல்ல எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. விருத்தாசலம் நெருப்பில் பிழைக்கிற ஊர். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கத் தோண்டும்போது மேலடுக்கில் கிடைக்கும் வெள்ளைக் களிமண்தான் எங்கள் பீங்கான் தொழிற்பேட்டைக்கு மூலதனம். பீங்கான் தொழில்நுட்பம் படிக்கவென்றே ஓர் அரசுப் பட்டயக் கல்லூரி இங்கே இருக்கிறது. அகல் விளக்கு, பொம்மை, கோப்பை, ஜாடி, மின்சார ஃபியூஸ் கேரியர் என்று எது செய்தாலும் கடைசியில் ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் சூளைக்குள் போய்த்தான் வர வேண்டும். சூடு முழுசாக ஆறாத சாமானைக் கோணி சுற்றிய கையால் இறக்குகிறவர்கள், வண்டிக்குள் வேர்க்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால், “உனக்கு ஏசி கேக்குதா?” என்று கேட்க ஊரில் ஆள் இருக்கிறது.

பீங்கான் லோடுக்குக் கனத்தைப் பார்த்தால் லாரி தேவைப்படாது. இடத்தைப் பார்த்தால் ஆட்டோ போதாது. அதனால் 2005-இல் டாடா ஏஸ் வந்ததும் எங்கள் பட்டறைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாடு முழுக்க ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள், நம் பக்கத்தில் அது குட்டி யானை. 2011-இல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. பிறகு பொலேரோ பிக்கப்பின் நீளமான வகைகள், இன்ட்ரா, படா தோஸ்த் என்று வரிசை கட்டின. பார்சல் ஆபீசில் காத்திருந்து, லாரியில் மூலையில் ஏற்றி, போய்ச் சேரும்போது பத்தில் ஒன்று உடைந்திருக்கும் காலம் போய், பட்டறைக்காரரே தன் சரக்கைத் தன் வண்டியில் ஓட்டிக்கொண்டு போகும் காலம் வந்தது. ஓட்டுநரும் முதலாளியும் ஒரே ஆள். மச்சானும் அப்படித்தான்.

இங்கே ஒரு சங்கதி. பீங்கான் லோடு ஏற்றியவன் வேகமாகப் போக மாட்டான். குழி கண்டால் பிரேக், வேகத்தடை கண்டால் முதல் கியர். இந்த மெதுவான ஓட்டம் வண்டி ஏசிக்கு ஆகாது. வீட்டு ஏசியில் கம்ப்ரஸருக்குத் தனி மோட்டார் இருக்கிறது. டீசல் வண்டியில் இன்ஜினோடு பெல்ட் போட்டு இணைத்திருப்பதால் இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் கம்ப்ரஸரும் மெதுவாகத்தான் சுற்றும். உள்ளே இருந்து உறிஞ்சிய சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர், ரேடியேட்டருக்கு முன்னால் முகப்பில் நிற்கிறது. வண்டி ஓடினால் எதிர்க்காற்று அதைக் குளிர்விக்கும். நின்றால் ஒரு சின்ன விசிறிதான் கதி. விக்கிரவாண்டி வரிசையில் இரண்டும் சேர்ந்து கைவிட்டன. நெடுஞ்சாலையில் ஓட்டிக் காட்டி “ஏசி ஜோரா இருக்கு சார்” என்று விற்கப்படும் வண்டி, கடலூர் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தால் வேறு வண்டியாகிவிடும்.

ஊருக்குத் திரும்பியதும் ஷோரூமுக்குப் போனோம். எந்த ஷோரூம் என்பது இங்கே தேவையில்லை. எல்லா ஷோரூமிலும் இந்த உரையாடல் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கும் என்று வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். முதல் தடவை, “கேஸ் கம்மியா இருந்துச்சு சார், ஏத்திட்டோம்.” இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவை, “லோடு வண்டி சார். கார் ஏசி மாதிரி எதிர்பார்க்கக் கூடாது. எல்லா வண்டியும் இப்படித்தான்.”

இந்த மூன்று பதிலையும் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். ஏசி கேஸ் டீசல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றி வருவது. ஏழு வார வண்டியில் கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுகிற கதை. கசிவே இல்லையென்றால் ஏற்ற வேண்டியதே இல்லை. கூடுதலாக ஏற்றினால் குளிர் கூடும் என்ற நம்பிக்கை மெக்கானிக்குகளிடமே இருக்கிறது. உண்மையில், அளவுக்கு மேல் ஏற்றினால் அழுத்தம் எகிறிக் குளிர் குறையும். எத்தனை கிராம் என்று பானெட்டுக்குள் ஒரு ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். தராசில் வைத்து அந்த அளவு ஏற்றுகிறார்களா, கைக்கணக்கில் ஏற்றுகிறார்களா என்று நின்று பார்க்கிற வாடிக்கையாளர் குறைவு.

இதில் நம் பாக்கெட்டைத் தாண்டிய சங்கதியும் உண்டு. நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். ஒரு கிலோ வெளியே போனால் அது பூமியைச் சூடாக்கும் அளவு, ஆயிரத்து முந்நூறு கிலோவுக்குக் குறையாத கரியமில வாயுவுக்குச் சமம். குளிருக்காக நாம் ஏற்றி, ஏற்றிக் கசியவிடுகிற கேஸ் அடுத்த சித்திரையை இன்னும் சூடாக்குகிறது.

கடைசியில் கோளாறைக் கண்டுபிடித்தவர் ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் வேப்பமரத்தடியில் ஏசி வேலை பார்க்கும் ஓர் இளைஞர். கேஸ் பாட்டிலைக் கையில் எடுக்கவே இல்லை. பானெட்டைத் திறந்து, கேபினுக்குள் போகும் தடித்த அலுமினியக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். குழாய் சில்லென்று வேர்த்திருந்தது. “கேஸ் நல்லாத்தான் இருக்குண்ணே. குளிர் இங்கவரை வருது. உள்ளதான் எங்கயோ போவுது” என்றார். டேஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டியை இரண்டு பக்கமும் அழுத்திக் கழற்றினார். செல்போன் வெளிச்சத்தில் காட்டினார். வெளிக்காற்றை அடைக்க வேண்டிய மூடி, ஒரு விரல் நுழைகிற அளவு திறந்தே கிடந்தது. லீவரை “உள்காற்று” பக்கம் முழுசாகத் தள்ளியும் மூடவில்லை. கேபிளைப் பிடிக்கும் கிளிப் அரை அங்குலம் தள்ளி மாட்டப்பட்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்ததே அப்படி. கிளிப்பை நகர்த்தினார், மூடினார், முடிந்தது. கால் மணி நேரம். இருநூறு ரூபாய்.

ஒரு விரல் சந்தில் அவ்வளவு குளிர் போகுமா என்று எனக்குச் சந்தேகம். அதற்கு விடை காற்றிலுள்ள ஈரத்தில் இருக்கிறது. கடலூர் மாவட்டத்துக் காற்று வறண்ட காற்று அல்ல. ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்டுகிற நீர், காற்றின் ஈரம் குளிர்ந்து நீராவதால் வருவது. அப்படி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீரைப் பிழிந்தெடுக்க மட்டும், ஒரு டன் ஏசியின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். உள்காற்றையே சுற்றவிட்டால் ஈரம் ஒரு முறை பிழியப்பட்டதோடு சரி. வெளிக்காற்று இடைவிடாமல் நுழைந்துகொண்டிருந்தால் ஏசி குளிர்விப்பதை விட்டுவிட்டு நீர் இறைத்துக்கொண்டிருக்கும். மச்சானின் வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

மெக்கானிக்கின் சட்டைப் பையில் ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தது. அதை நடு வென்ட்டில் செருகி, சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் காட்டினார். முன்பு 19 டிகிரி. சரிசெய்த பிறகு 10. ஷோரூமுக்கு மூன்று முறை போய்வந்தோமே, அங்கே யாரும் எதையும் அளக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வென்ட் முன்னால் கையை நீட்டி “நல்லாத்தானே வருது” என்றார்கள். கையை வைத்துக் காய்ச்சல் பார்த்த காலத்தை மருத்துவமனைகள் தாண்டி எவ்வளவு நாளாயிற்று!

சரி, கோளாறு தீர்ந்தது, கதை முடிந்ததா? இல்லை. அடுத்த வாரமே மதியம் இரண்டு மணிக்கு நெய்வேலி பக்கம் ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்தி, சரக்கு இறக்கிவிட்டு ஏறினோம். கேபின் கொதித்தது. வென்ட்டில் குளிர்காற்று வருகிறது, ஆனால் தலைக்கு மேல் தகரம் அனலைக் கொட்டுகிறது. இருபது நிமிடம் ஓடிய பிறகுதான் உட்கார முடிந்தது. இது கிளிப்பின் பிழை அல்ல. வண்டியைக் கட்டிய விதத்தின் பிழை.

இதை எங்கள் ஊரில் ஒருவருக்கு விளக்க வேண்டியதே இல்லை. சூளை கட்டுகிறவனுக்குத் தெரிந்த முதல் பாடம், சூடு எந்த வழியாகத் தப்பிக்கும் என்பதுதான். அதற்காகத்தான் சுவருக்குத் தீச்செங்கல், அதற்கு வெளியே நுண்துளை நிறைந்த காப்புச் செங்கல், புதுச் சூளையென்றால் பஞ்சுமெத்தை மாதிரி செராமிக் ஃபைபர் போர்வை. உள்ளே ஆயிரம் டிகிரி எரிந்துகொண்டிருக்க, வெளிச்சுவருக்கு இரண்டடி தள்ளி நின்று ஆட்கள் டீ குடிப்பார்கள். அதே தொழிற்பேட்டையின் வாசலில் நிற்கும் பிக்கப்பின் கூரையில் சித்திரை மதியத்தில் கை வைக்க முடியாது. அந்தத் தகரத்துக்கும் ஓட்டுநரின் தலைக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய அட்டை. சில வண்டிகளில் அதுவும் பேருக்குத்தான். வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் வெளியைவிட இருபது டிகிரி வரை கூடிவிடும். அந்தச் சூட்டோடு மல்லுக்கட்டத்தான் ஏசியின் பாதி பலம் போகிறது. (மச்சான், சூளையில் மிஞ்சிய செராமிக் ஃபைபரைக் கூரைக்குள் ஒட்டிவிடலாமா என்று கேட்டான். வேண்டாம். அதன் இழை நுரையீரலுக்கு ஆகாது. வண்டிக் கடையில் கிடைக்கும் ஃபோம் ஷீட் போதும்.)

மொட்டைமாடியில் உடைந்த வெள்ளை ஓட்டுச் சில்லுகளைப் பதித்து வீட்டைக் குளிர வைப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். வெள்ளை, வெயிலைத் திருப்பியனுப்பும் என்று எந்தப் பொறியாளரும் வந்து சொல்லவில்லை. வண்டி வாங்கும்போது மட்டும் அடர்நீலமும் மெரூனும் கேட்கிறோம். வெள்ளைப் பிக்கப்பைத் தேர்ந்தெடுப்பது, காசு செலவில்லாமல் ஏசிக்குச் செய்கிற முதல் உதவி.

இனி சட்டத்துக்கு வருவோம். லாரி ஓட்டுநர்கள் 43, 47 டிகிரி வெயிலில் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு ஏசி கேபின் கட்டாயமாக்கப்படும் என்று 2023 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். செலவு கூடும் என்று சிலர் எதிர்த்ததையும் அவரே சொன்னார். அந்த ஆண்டு டிசம்பரில் அறிவிக்கை வந்தது. 2025-இல் அமலுக்கு வந்த அந்த விதிப்படி, புதிதாகத் தயாராகும் என்2, என்3 வகைச் சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி இருந்தே ஆக வேண்டும். ஏசி என்று பேருக்கு ஒரு பெட்டியை மாட்டினால் போதாது, ஐஎஸ் 14618:2022 என்ற தரத்தின்படி சோதித்துத் தேற வேண்டும் என்றும் அது சொல்கிறது. நல்ல சட்டம். மனம் திறந்து பாராட்டலாம்.

ஆனால் என்2 என்பது மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேல், பன்னிரண்டு டன் வரை. என்3 அதற்கும் மேல். மூன்றரை டன்னும் அதற்குக் கீழும் என்1. குட்டி யானையும் தோஸ்த்தும் பிக்கப்பும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கின்றன. சில பிக்கப்கள் கோட்டை உரசிக்கொண்டு நிற்கின்றன. தமிழ்நாட்டின் காய்கறி, பால், மீன், கோழித்தீவனம், சிமென்ட், எங்கள் ஊர் பீங்கான் எல்லாம் கடைசி ஐம்பது கிலோமீட்டரைக் கடப்பது இந்த வண்டிகளில்தான். பெரிய லாரி இரவிலும் ஓடும். டோல் தாண்டினால் காற்று வாங்கும். ஊருக்குள் சந்து சந்தாக, பட்டப்பகலில், நின்று நின்று போகிறவன் பிக்கப்காரன். வெயில் அதிகம் யாருக்கு? மூன்றரை டன் என்பது எடைக்கான கோடு. அதை வேர்வைக்கும் கோடாக்கிவிட்டார்கள்.

இந்தக் கோட்டின் அபத்தத்தை ஒரே வண்டியில் பார்க்க வேண்டுமென்றால் ஐஸ்கிரீம் ஏற்றி வரும் குளிர்பெட்டி பிக்கப்பைப் பாருங்கள். பின்னால் பெட்டிக்குள் மைனஸ் 18 டிகிரி. அதற்கு அரை அடி முன்னால், ஒரு தகடு தள்ளி, ஓட்டுநர் தலைக்கு மேல் மாட்டிய குட்டி விசிறி. அந்த விசிறியையும் அவரே வாங்கி மாட்டியிருப்பார். சரக்குக்குக் குளிர் கட்டாயம், மனிதனுக்கு விருப்பத் தேர்வு. ஏசியின் ஜாதகமே அப்படித்தான் போலிருக்கிறது. 1902-இல் வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தது நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக. காகிதம் ஈரத்தில் விரிந்து அச்சு கலையாமலிருக்க. காகிதத்துக்குப் பிறகுதான் மனிதர்கள்.

விலை கூடும் என்பது பழைய வாதம். அதற்கு 2025 செப்டம்பர் 22 ஒரு பதில். அன்று முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் எட்டு லட்ச ரூபாய் வண்டி என்றால் வாங்குகிறவர் கையில் எண்பதாயிரம் மிஞ்சுகிறது. அதில் ஒரு பகுதியை ஒழுங்கான ஏசிக்கும் கூரைக் காப்புக்கும் செலவிடச் சொன்னால் இந்தத் தொழில் முங்கிப்போய்விடாது.

இன்னொரு வாதம் ஓட்டுநர்களிடமிருந்தே வருவது: ஏசி போட்டால் தூக்கம் வரும். இதைச் சொல்கிற பெரியவர்களிடம் நான் வாதாடுவதில்லை, ஆனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை. வேர்த்து வேர்த்து உடம்பில் நீர் வற்றி, தலைவலியோடு ஓட்டுகிறவனின் கண்ணும் செருகத்தான் செய்யும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம், அனல் அல்ல. தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் அறிவித்துவிட்டது. 2025-இல் சென்னை அண்ணா நகரில் உணவு விநியோக ஊழியர்கள் உட்கார மாநகராட்சி ஏசி ஓய்வறை திறந்தது. வெயிலில் வேலை செய்கிறவனுக்குக் குளிர் ஒரு சொகுசு அல்ல என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகும், நாம் மட்டும் “லோடு வண்டிக்கு எதுக்கு ஏசி” என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

பேச வேண்டிய கூச்சமான உண்மை ஒன்றும் இருக்கிறது. சம்பளத்துக்கு ஓட்டுகிற பையன்களைக் கேளுங்கள். ஏசி வண்டியில் இருக்கும். போட அனுமதி இருக்காது. டீசல் அடித்த பில்லையும் ஓடிய கிலோமீட்டரையும் வைத்து ராத்திரி கணக்குப் பார்க்கும் முதலாளி, மைலேஜ் அரைப் புள்ளி இறங்கினால் “ஏசி போட்டியா?” என்பார். கம்ப்ரஸர் பெல்ட்டையே கழற்றி வைத்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் பேக்கர்டு நிறுவனம் 1939-இல் முதன்முதலாகத் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திய காரை விற்றபோது, ஏசியை அணைக்க அதில் ஒரு சுவிட்ச்கூட இல்லை. இன்ஜினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. அங்கே தொழில்நுட்பம் போதாமல் கழற்றினார்கள். இங்கே மனசு போதாமல் கழற்றுகிறோம். எந்தச் சட்டமும் இதைத் திருத்த முடியாது. முதலாளி ஒரு நாள் மதியம் விருத்தாசலத்திலிருந்து கடலூர் வரை அந்த இருக்கையில் உட்கார்ந்து போய்வந்தால் திருந்தலாம்.

சட்டத்தால் முடிகிற வேலைகள் இரண்டு. என்1 வண்டிகளையும் அந்த அறிவிக்கைக்குள் கொண்டுவருவது ஒன்று. அளவை வாங்குபவர் கண்ணில் படவைப்பது மற்றொன்று. வீட்டுக்கு ஏசி வாங்கப் போனால் எத்தனை டன், எத்தனை நட்சத்திரம், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று முகத்திலேயே ஒட்டியிருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து அது 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது வரை விதி உண்டு. முப்பத்தைந்தாயிரம் ரூபாய்ச் சாமானுக்கு இவ்வளவு விவரம். பத்து லட்ச ரூபாய் வண்டியின் விளம்பரத் தாளில் “ஏசி: உண்டு”. அவ்வளவுதான். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கேபின், இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது எத்தனை நிமிடத்தில் எத்தனை டிகிரிக்கு இறங்கும் என்று ஒரே ஒரு வரி அச்சடித்தால் போதும். அந்த வரி வந்துவிட்டால் “எல்லா வண்டியும் இப்படித்தான்” என்று யாரும் சொல்ல முடியாது.

அதுவரை என்ன செய்வது? முதலில், ஒவ்வொரு முறை சர்வீசுக்கு விடும்போதும் குறையை ஜாப் கார்டில் எழுத்தில் ஏற்றுங்கள். “ஏசி செக் பண்ணணும்” என்று எழுத விடாதீர்கள். “வென்ட்டில் 19 டிகிரி, வெளியே 37 டிகிரி” என்று எழுதச் சொல்லுங்கள். கண்டென்சரில் தூசி படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். களிமண் தூசியும் நிலக்கரிச் சாம்பலும் பறக்கும் எங்கள் சாலைகளில் இரண்டே மாதத்தில் அதன் முகம் அடைத்துவிடும். மெல்லிய நீர்ப்பாய்ச்சல் போதும், பிரஷர் வாஷ் வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். ஏறியதும் இரண்டு நிமிடம் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு, அப்புறம் ஏற்றி, உள்காற்றில் விடுங்கள். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டித் தப்பிக்கலாம் என்று நினைத்தால், 2012-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததிலிருந்து அது சாலையில் அபராதத்துக்கு அழைப்பு. முன்பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவியாக வேண்டும் என்பது விதி.

குறை தீரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. “வியாபாரத்துக்கு வாங்கின வண்டி, கன்ஸ்யூமர் கேஸ் போட முடியாது” என்று கவுண்டரில் மிரட்டினால் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தை விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளுக்கு விதிவிலக்குத் தருகிறது. தன் பட்டறைச் சரக்கைத் தானே ஓட்டிக்கொண்டு போகிற ஆள் அந்த வாசலில் தாராளமாக நுழையலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், தான் குடியிருக்கிற ஊர் ஆணையத்திலேயே மனுப் போடலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டும் வழக்கம் உண்டு. கடன் வாங்கியவன் தரவில்லை, பங்காளி வேலியை நகர்த்திவிட்டான் என்று தாளில் எழுதிக் கட்டிவிட்டு வருவார்கள். காரியம் முடிந்ததும் போய் ராஜினாமா செய்து மனுவைத் திரும்பப் பெற வேண்டும். மூன்றாம் முறை ஷோரூமிலிருந்து திரும்பும்போது மச்சான், “பேசாம பிராது கட்டிடவா மாமா?” என்றான். பாதி விளையாட்டாகத்தான். ஆனால் அந்தப் பிராதுக்கு இருக்கிற ஒழுங்கு, எழுத்து, தேதி, தீர்ந்ததும் கணக்கை முடிப்பது எல்லாம், நம் ஷோரூம் ஜாப் கார்டுகளுக்கு இருந்தால் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

புது வண்டி எடுத்தால் முதல் பூஜையும் எங்கள் ஊரில் பெரும்பாலும் அதே கொளஞ்சியப்பர் வாசலில்தான். டயருக்கு எலுமிச்சம்பழம் வாங்குகிற அன்றைக்கே ஒரு சின்ன தெர்மாமீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். முந்நூறு ரூபாய்க்கு உள்ளேதான் ஆகும். ஷோரூம் நிழலில் வேண்டாம், வண்டியை வெயிலில் நிறுத்தச் சொல்லுங்கள். கதவை மூடி, ஏசியை உள்காற்றில் வைத்து, ப்ளோயரை முழுசாகத் திருப்பி, நடு வென்ட்டில் அதைச் செருகிப் பத்து நிமிடம் உட்காருங்கள். பத்து டிகிரியை ஒட்டி வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போகலாம். பதினைந்துக்கு மேலேயே நின்றால், சாவி அவர்களிடமே இருக்கட்டும்.